எந்த நட்டு, எந்த மரை? – பழைய கிடார் ஒன்று நடத்திய பாடம்



பேரவை மலருக்குக் கவிதை எழுதித் தரவா என்று கேட்டேன். "கவிதை நாற்பது வந்திருக்கு, ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா" என்றார்கள். அதனால் தப்பித்தீர்கள். போன வருஷம் நான் இரண்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட ஒரு சின்ன நட்டைப் பற்றி எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழன் ஒரு நாள் நீளமான பை ஒன்றோடு வந்தான். உள்ளே அவன் தாத்தாவின் எலெக்ட்ரிக் கிடார். ஜப்பானில் 1960-களின் கடைசியில் செய்தது. அவர் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். "நட்டு போயிடுச்சாம், நீதான் லேத்துல கில்லாடியாச்சே, போட்டுக் குடு" என்றான். நானும் பார்த்தேன். ஒயர் சொருகும் ஜாக், நட்டு இல்லாமல் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. இதுதானே, பத்து நிமிஷ வேலை என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

தாத்தா சொன்னது அந்த நட்டே இல்லை! கிடார்காரர்களுக்கு நட்டு என்றால் கழுத்தின் மேல் முனையில் தந்திகள் உட்கார்ந்து போகும் சின்னக் கட்டை. வீணையில் மேரு என்கிறோமே, அதே உறுப்புதான். ஆறாவது தந்தியின் பள்ளம் உடைந்து, தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்' என்று கத்திக்கொண்டிருந்தது. ஆக இரண்டு நட்டும் போயிருந்தது. பெங்களூரில் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், உள்ளே இருக்கிற சாமான் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்கு மனசில்லை. "உள்ளே இருக்கறத மாத்தாம ஓட வைக்க முடியுமாப்பா?" இதுதான் அவர் கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஜாக் நட்டு. ஜப்பான் கிடார், ஆகவே மில்லிமீட்டர் மரை என்று முடிவு செய்தேன். அளந்து பார்க்கவில்லை. ஜப்பான் ஜாக்குகளில் 9 மி.மீ. விட்டம், 0.75 பிட்ச் சாதாரணம். வால்யூம் கண்ட்ரோல்களில் 7 அல்லது 8 மி.மீ., பிட்ச் அதே 0.75. காயலான் கடையில் பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து 9 மி.மீ. நட்டு ஒன்றைக் கழற்றி வந்தேன். கையால் ஏறவில்லை. ஸ்பேனரைப் போட்டேன். அரைச் சுற்று ஏறி நின்றது. திருப்பினால் பித்தளைச் சீவல் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்த புஷ்ஷின் முதல் மரையை நான் அரை நிமிஷத்தில் சீவிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வெர்னியரை எடுத்தேன். புத்தி வரும் வரிசையைப் பாருங்கள்! 9 இல்லை, 9.5. அதாவது மூன்று நூல். நம்ம ஊர்ப் பட்டறைக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே இது 3/8 அங்குலம். பிட்ச் கேஜை வைத்தால் இன்னொரு குழப்பம். அங்குலத்துக்கு 32 மரை என்றால் பிட்ச் 25.4 ÷ 32 = 0.794 மி.மீ. மெட்ரிக் கேஜின் 0.8 இலை அதில் அச்சாகப் பொருந்துகிறது. புஷ்ஷில் இருப்பதே ஏழெட்டு மரை. அந்தக் குட்டி நீளத்தில் 0.794-க்கும் 0.8-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிட்ச்சை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். விட்டத்தையும் பிட்ச்சையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 9.5 விட்டம், 32 மரை: யூனிஃபைட் எக்ஸ்ட்ரா ஃபைன், அமெரிக்க ஜாக்குகளிலும் வால்யூம் கண்ட்ரோல்களிலும் வரும் மரை.

ஜப்பான் கிடாரில் அமெரிக்க ஜாக் எப்படி வந்தது? தாத்தாவிடம் கேட்டதும் சிரித்தார். பழைய ஜாக் தேய்ந்துபோனபோது, கச்சேரிக்கு வந்த வேறொரு குழுக்காரர் கொடுத்ததை அவரே பற்ற வைத்தாராம். 1991-க்கு முன் வெளிநாட்டு இசைக்கருவி என்றால் லைசென்ஸ், சுங்க வரி என்று ஆயிரம் தொல்லை. கிடைத்ததை வைத்துத்தான் ஓட்டினார்கள். அதனால் இந்தப் பக்கம் கிடைக்கும் பழைய கிடார்களைத் திறந்தால் உள்ளே மூன்று நாட்டு மரை இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது புதுசில்லை. பிரிட்டிஷ் மரை போல்ட்டில் மில்லிமீட்டர் நட்டை அடித்து ஏற்றிய மெக்கானிக்குகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இதையே திருப்பிப் போட்டாலும் ஆபத்துதான். 3/8 நட்டை 9 மி.மீ. புஷ்ஷில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும். நட்டின் உள்விட்டம் சுமார் 8.7, புஷ் 9.0. பக்கத்துக்கு 0.15 மி.மீ. தான் கவ்வல். கச்சேரி நடுவில் ஒயரை யாராவது மிதித்தால் கையோடு வந்துவிடும்.

இனி நட்டுக்கு எங்கே போவது? ஓசூர் கடைகளில் கேட்டாயிற்று. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு போனேன். கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் தொடர்ந்து, தமிழில் "இல்ல சார்" என்று முடித்தார். ஒரு கடையில் புது ஜாக்கே தருகிறேன் என்றார்கள். நட்டுக்காக ஜாக்கை மாற்றுவது தாத்தா வேண்டாம் என்ற அதே காரியம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம், நட்டை விடத் தபால் செலவு கூட. சரி, நாமே செய்வோம் என்று முடிவு செய்தேன். சுற்றிலும் சிப்காட் ஃபேக்டரிகளை வைத்துக்கொண்டு ஒரு நட்டுக்கு அழுவதா?

சின்னத் துளைக்குள் லேத்தில் உள்மரை வெட்டுவது நம்ம கைக்குக் கஷ்டம். டேப் வேண்டும். அந்த டேப் கிடைக்கவில்லை, அதையும் செய்தோம். சில்வர் ஸ்டீல் கம்பியை 9.5-க்குக் கடைந்து, முன்பக்கம் சாய்வு கொடுத்து, வெளிமரை வெட்டினோம். இங்கேதான் இரண்டாம் வருஷத்தில் நாம் தூங்கிக் கழித்த சேஞ்ச் கியர் கணக்கு உதவிக்கு வந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப் மூலையில் இருக்கும் பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. நமக்கு வேண்டியது 32. விகிதம் 4/32, அதாவது 1/8. 20/80-ஐ 30/60-ஆல் பெருக்கினால் 1/8. நாலு சக்கரமும் பெட்டியில் இருந்தது. ஜப்பான் மரையான 0.75 வெட்ட வேண்டியிருந்தால் 127 பல் சக்கரம் தேவைப்பட்டிருக்கும் (20/80 × 60/127). 127 ஏன் என்று வைவாவில் கேட்டால் முழிக்காதீர்கள்: 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் மீதியில்லாமல் இணைக்கும் மிகச் சிறிய முழு எண் அதுதான்.

மரை வெட்டியதும் மூன்று பள்ளம் மில்லிங்கில் எடுத்து, 780 டிகிரி வாக்கில் செர்ரிச் சிவப்புக்குக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தோம். பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை டெம்பர். முதல் டேப் தண்ணீரில் போட்ட உடனே 'டிக்' என்று விரிந்தது. கம்பியைச் சாய்வாக முக்கியதுதான் காரணம் என்றார் இன்ஸ்ட்ரக்டர். இரண்டாவதை நேராக இறக்கினோம், தேறியது.

நட்டுக்குப் பித்தளைதான் எடுத்தோம். புஷ்ஷும் பித்தளை. எஃகு நட்டு போட்டால், அடுத்த முட்டாள் ஸ்பேனர் போடும்போது தேயப்போவது புஷ்தான். ஜாக் நட்டுகளின் எதிர்ப்பக்க அளவு வழக்கமாக அரை அங்குலம், நாலு நூல். அந்த அறுகோணக் கம்பி கிடைக்காததால் 16 மி.மீ. உருளைக் கம்பியில் டிவைடிங் ஹெட் வைத்து ஆறு முகம் எடுத்தேன். 40 ÷ 6 = ஆறே முக்காலே இல்லை, ஆறும் மூன்றில் இரண்டும். 21 துளை வட்டத்தில் 6 சுற்று 14 துளை. 8.7 மி.மீ. துளை, டேப், முக்கால் நூல் கனத்தில் வெட்டு, ஓரத்தில் லேசான சாய்வு. அவ்வளவுதான்.

பார்வைக்கும் ஒரு காலம் உண்டு. கிப்ஸன் கம்பெனி 1965 வாக்கில்தான் நிக்கலிலிருந்து குரோமுக்கு மாறியது. அதற்கு முந்திய கிடாரில் பளபள குரோம் நட்டு வைத்தால், கிழவிக்குச் சல்வார் கமீஸ் போட்ட மாதிரி தனியாகத் தெரியும். இந்த ஜாக்கின் உடல் மங்கிய நிக்கல். அதனால் நிக்கல் பூசினோம். ஒற்றை நட்டைப் பார்த்துப் பிளேட்டிங் கடைக்காரர் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க மாட்டேன். வேறு யாருடைய ஜாப்போடோ சேர்த்துக் கம்பியில் தொங்கவிட்டார். ஒன்று நினைவிருக்கட்டும். 60 டிகிரி மரையில் பூச்சின் கனத்தைப் போல் நான்கு மடங்கு பிட்ச் விட்டத்தில் குறையும். 5 மைக்ரான் பூசினால் 20 மைக்ரான் இறுகும். பூசும் முன்பே நட்டு கொஞ்சம் தாராளமாக ஓட வேண்டும்.

நான் சீவிய மரையை முக்கோண ஊசி அரத்தால், பூதக்கண்ணாடி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ராவிச் சரி செய்தேன். முதல் மரை போனது போனதுதான். மீதியில் நட்டு கையாலேயே ஏறியது.

அமெரிக்கக் கிடார் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எண் இருக்கிறதா பாருங்கள். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். 1376612 என்றால் சி.டி.எஸ்., 1966-ம் வருஷம், 12-வது வாரம். 1950-களில் வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான். இது அந்த உறுப்பு பிறந்த தேதி. கிடார் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்கும், எவ்வளவு பிறகு என்று இந்த எண் சொல்லாது.

இப்போது தாத்தா சொன்ன நட்டு. பழைய ஃபெண்டர் கிடார்களில் எலும்பு, கனம் சரியாக ஒரு நூல், மேல் வளைவு ஏழேகால் அங்குல ஆரம். கிப்ஸனில் ஒரு காலத்தில் நைலான். நம்ம கிடாரில் இருந்தது மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக். அந்தக் காலத்துக்குச் சரியானது வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கிலேயே செய்ய வேண்டும். நான் எலும்பில் செய்தேன். தப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி இது: உடைந்த அசலைக் கவரில் போட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். எலும்பு நட்டை ஒரு துளி பசையில்தான் நிறுத்தியிருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கழுத்து மரத்தில் அரம் படவே இல்லை. திரும்பிப் போக வழி இருக்கும்வரை அது பெரிய பாவம் இல்லை.

எலும்பு மாட்டுக் கால் எலும்பு. வேகவைத்துக் கொழுப்பு நீக்கி, மூன்று வாரம் நிழலில் காய வைத்தேன். அதிகம் வேகவிட்டால் நொறுங்கும். ஹாஸ்டலில் வேகவைக்காதீர்கள், வார்டனுக்குப் பதில் சொல்ல முடியாது. அறுக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள்.

இதில் முக்கியம் பள்ளத்தின் ஆழம். 648 மி.மீ. தந்தி நீளமுள்ள கிடாரில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 36.4 மி.மீ. தான். நட்டு உயரமாக இருந்தால் அந்தச் சின்ன இடத்தில் தந்தி அதிகம் வளைந்து இறுகும். சும்மா மீட்டினால் சுதி சரி, முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் சுதி ஏறும். மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி போதும். இடைவெளியே இல்லை என்றால் ஒரு இழுப்பு அதிகமாக ராவிவிட்டீர்கள், வேறு எலும்பு எடுங்கள். நான் இரண்டு எடுத்தேன்.

பள்ளம் வெட்ட ஃபீலர் கேஜ் இலையில் பல் போட்டு ரம்பமாக்கினேன். கனமான தந்திக்குக் கனமான இலை. பள்ளம் தலைப்பக்கம் சரிய வேண்டும். தந்தி விலகும் இடம் நட்டின் முன் விளிம்பாக இருந்தால்தான் 36.4 உண்மையாக இருக்கும்.

தாத்தா வாங்கி, முதலில் ஜாக்கைத்தான் தடவிப் பார்த்தார். ஒயரைச் சொருகி ஆட்டினார். கரகரப்பு இல்லை. "இது அந்தப் பழைய ஜாக்குதானா?" என்றார். ஆமாம், ஒரு மரை மட்டும் என்னால் குறைச்சல் என்று உள்ளதைச் சொன்னேன். "எனக்கே நாலு பல் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

டேப் இப்போது ஒர்க்‌ஷாப் ஸ்டோரில், மூன்றாவது டிராயரில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பித்தளைக்கு மட்டும்தான். யாராவது இரும்பில் இறக்கினால் பல் கொட்டிவிடும், மறுபடி நான்தான் செய்ய வேண்டும்.