இசையேடு காத்த அறிஞர்

பால்டிக் கடலின் கீழ்க்கரையில் அமைந்த சிறு நாடு லித்துவேனியா. 1864 முதல் 1904 வரை, அந்நாட்டு மொழியை அதற்குரிய இலத்தீன் எழுத்துகளில் அச்சிடுதல் ஆகாதென உருசியப் பேரரசு தடுத்து வைத்தது. மக்களோ அண்டை நாட்டில் நூல்களை அச்சிட்டு, எல்லைக் காவலருக்கு மறைத்துச் சுமந்து வந்து படித்தனர். அக்காலத்தே அம்மொழிக்கு இலக்கண வரம்பு வகுத்த புலவர் யோனாஸ் யாப்லோன்ஸ்கிஸ். அவர்தம் மகள் வயிற்றுப் பேரரே இசை வரலாற்றறிஞர் வீட்டவுட்டாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ். இவர் 1932-இல் கௌனாஸ் நகரிற் பிறந்தார். வில்னியஸ் நகரத்து இசைக் கல்லூரியிற் பியானோ பயின்று 1955-இல் தேறினார்.

இவர் தம் ஆராய்ச்சிக்கு உரியவராகக் கொண்டவர் சுர்லியோனிஸ் என்பார். 1875-இல் தோன்றி 1911-இல் மறைந்த அப்பெருமகனார், இசை இயற்றுவதிலும் ஓவியம் தீட்டுவதிலும் ஒருங்கே வல்லவர். தம் ஓவியங்கள் சிலவற்றிற்குச் 'சொனாட்டா' என இசைவடிவின் பெயரையே இட்டவர். முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தபோது, அவருடைய பியானோ இசைகளிற் பெரும்பாலன கையெழுத்தேடுகளாகவே கிடந்தன. அவர்தம் தங்கையார் யத்வீகா அவற்றுட் பலவற்றைப் பதிப்பித்தார். எனினும், சோவியத்து ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அக்கலை நலிந்த கலையென்று இகழப்பட்டது. இகழ்ச்சிக்கு ஆளான ஒருவரைப் பற்றி அந்நாட்டில் நூல் எழுதுதற்கு நெஞ்சுரம் வேண்டும். லாண்ட்ஸ்பெர்கிஸ் எழுதினார். ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஐயத்திற்கு இடமான சுரங்களை ஆய்ந்து துணிந்தார். ஏடு பார்த்துப் பழகியவர்க்கே இத்தொழிலின் அருமை விளங்கும். அவ்விசைகளைத் தாமே பியானோவில் இசைத்தும் காட்டினார்.

1988-இல் 'சாயூடிஸ்' என்னும் மக்கள் இயக்கம் எழுந்தபோது, இப்பேராசிரியரே அதன் தலைவரானார். நாட்டுப் பாடல்களைப் பாடியே மக்கள் திரண்டமையின், அவ்வெழுச்சியைப் 'பாடும் புரட்சி' என்பர். 1990 மார்ச்சு 11-ஆம் நாள் இவர் தலைமையிற் கூடிய நாட்டு மன்றம் விடுதலையை அறிவித்தது. அடுத்த ஆண்டு சனவரி 13-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், சோவியத்துப் படை வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கிற்று. படைக்கலம் ஏந்தாத மக்கள் அதனைச் சூழ்ந்து நின்றனர். 14 பேர் உயிர் துறந்தனர். மன்றக் கட்டடத்தையும் படை தாக்கும் என அனைவரும் அஞ்சிய அவ்விரவில், லாண்ட்ஸ்பெர்கிஸ் அதனை விட்டு அகன்றாரல்லர். 1991 செப்டம்பரில் சோவியத்து அரசே லித்துவேனியாவின் விடுதலையை ஏற்றுக்கொண்டது.

அரசியற் பொறுப்புகள் பலவற்றைத் தாங்கிய பின்னரும், பழைய ஏடுகளை அவர் கைவிடவில்லை. சுர்லியோனிஸின் பியானோ இசைகள் அனைத்தையும் திரட்டிய பெரும்பதிப்பு, அவர் பதிப்பாசிரியராக விளங்க 2004-இல் வெளிவந்தது.