எல்லையூர்ப் பிள்ளைகளே, தெலுங்கை பயோடேட்டாவில் ஏற்றுங்கள்

திருத்தணியில் லாட்ஜ் ரிசப்ஷன், ஜவுளிக்கடை, ரத்தப் பரிசோதனை லேப், வங்கிக் கவுன்ட்டர் என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் தெலுங்கில் ஒருவர் வந்து கேட்பார். நகரியும் புத்தூரும் பக்கம்தான். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இந்த ஊரே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனாலும் நம் பிள்ளைகள் பலர் "புரியும், பேச வராது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். புரிகிறது என்றால் பாதி வேலை முடிந்தது.

சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒலி எப்படி மாறுகிறது என்று பிடியுங்கள். நம் ழகரம் தெலுங்கில் பல இடங்களில் டகரமாகும்: ஏழு ஏடு, கோழி கோடி, சுழி சுடி. முதலில் நிற்கும் உயிரெழுத்து உள்ளே நகர்வது இன்னொரு வழி: உரல் ரோலு, அவன் வாடு, இவன் வீடு. லத்தீன் வழி வந்த மொழிகளிலும் இதே கதைதான். இரவுக்கு இத்தாலியில் நொத்தே, ஸ்பானியத்தில் நோச்சே, பிரெஞ்சில் நுயி; எட்டுக்கு ஒத்தோ, ஓச்சோ, உயித். ஒரு சொல்லில் கண்ட மாற்றம் அடுத்ததிலும் வருகிறது.

தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக வைத்து இவை ஒரே குடும்பம் என்று 1816இல் காட்டியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். கால்டுவெல்லுக்கு 40 ஆண்டு முன்பு. அதை அவர் எழுதியது காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கான முன்னுரையில். சென்னைக் கோட்டைக் கல்லூரியில் உத்தியோகத்துக்காக மொழி படித்த கம்பெனி இளைஞர்களுக்கு உதவிய நூல் அது. உங்கள் தேவையும் அதுதான்.

ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களில்தான் ஆபத்து. வாடிக்கையாளர் "அவசரம் லேது" என்றால் மெதுவாகத் தரலாம் என்று அர்த்தமில்லை, தேவையில்லை என்கிறார். "சமாதானம்" கேட்டால் பதில் கேட்கிறார். இத்தாலியில் புர்ரோ வெண்ணெய், ஸ்பானியத்தில் கழுதை. உறவு மொழிகள் எல்லாவற்றிலும் இந்தப் பள்ளம் உண்டு. காதில் விழும் இத்தகைய சொற்களை ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்.

எண்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மூடு, நாலுகு, ஐது சுலபம். எனிமிதி எட்டு, தொம்மிதி ஒன்பது, வந்த நூறு, வெய்யி ஆயிரம். பில் தொகை தவறுவது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

அடுத்தது மரியாதை. வாடு, வீடு என்பவற்றை வேலையிடத்தில் வாயில் எடுக்கவே கூடாது. ஆயன, ஆமெ என்றே சொல்லுங்கள். பெயரோடு காரு சேர்க்க வேண்டும். நம் "ங்க" போல அவர்களுக்கு "அண்டி": செப்பண்டி, கூர்ச்சோண்டி. வேற்றுமை உருபு தவறினால் சிரித்துத் திருத்துவார்கள். அண்டி விட்டுப்போனால் முகம் மாறிவிடும்.

எழுத்தையும் விடாதீர்கள். பஸ் போர்டு, கடைப் பெயர் என்று தொடங்கினால் ஆதார் அட்டை முகவரிவரை படிக்க வந்துவிடும். அதன் பிறகு பயோடேட்டாவில் வெறுமனே "தெலுங்கு" என்று போடாமல் பேச, படிக்க, எழுத எது எவ்வளவு வரும் என்று பிரித்து எழுதுங்கள். இன்டர்வியூவில் சட்டென்று தெலுங்குக்கு மாறிக் கேட்பார்கள். உங்கள் பெயர், படிப்பு, முன்பு பார்த்த வேலை, எப்போது சேர முடியும் என்ற நான்கையும் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரிடம் சொல்லித் திருத்திக்கொண்டு போங்கள்.