பாசம் இருக்கிறது, பயிற்சி எதற்கு?

அன்புள்ள செல்விக்கு,

ஒரகடத்துத் தொழிற்சாலைக் காப்பகத்தில் வேலை தருகிறார்கள், ஆனால் முதலில் பயிற்சி முடித்து வரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவளுக்குப் பயிற்சி எதற்கு, பாட்டிமார் எந்தச் சான்றிதழ் வாங்கினார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். பயிற்சியில் சேர் என்றே நான் சொல்வேன். உனக்குக் குழந்தை வளர்க்கத் தெரியாது என்பதால் அல்ல. சில விஷயங்களை எத்தனை வருட அனுபவமும் கற்றுத் தராது என்பதால்.

கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதையே எடுத்துக்கொள். குப்புறப் படுத்த குழந்தை திடுக்கிட்டு விழிக்காமல் அசந்து தூங்கும். மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் மூச்சில் ஏறிவிடும் என்ற பயமும் நம்மிடம் உண்டு. கண்ணால் கண்டதை மட்டும் நம்பினால் யாரும் குப்புறத்தான் போடுவார்கள். அமெரிக்கத் தாய்மார்கள் பெரிதும் நம்பிய டாக்டர் ஸ்பாக்கின் நூலும் 1950களிலிருந்து அதையே சொல்லிவந்தது. பல நாடுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளில் குப்புறப் படுத்தவர்களே அதிகம் என்பது உறுதியானது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற இயக்கம் அமெரிக்காவில் 1994இல் தொடங்கியது. 1992இல் ஆயிரத்துக்கு 1.2 ஆக இருந்த அந்த மரணங்கள் பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைக் கவனி. வாழ்நாளில் இருநூறு குழந்தைகளைப் பார்த்த ஆயாவுக்கு இது ஒருமுறைகூட நேராமல் போகலாம். ‘என் கையில் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆனதில்லை’ என்று அவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. லட்சக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற விஷயம் அது. ஒருத்தியின் அனுபவத்துக்கு எட்டாத அதை அவள் கையில் கொண்டுவந்து சேர்க்கத்தான் பயிற்சி.

காப்பகத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, இத்தகைய மரணங்களில் ஐந்தில் ஒன்று குழந்தை பிறர் பராமரிப்பில் இருந்தபோது நேர்ந்தது. அவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு, சேர்ந்த முதல் வாரத்துக்குள். வீட்டில் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் குப்புறப் போடும்போது ஆபத்து பல மடங்காகிறது. புதிதாக வந்து அழும் குழந்தை எப்படியாவது தூங்கட்டும் என்று குப்புறப் போடுபவளைப் பாசமில்லாதவள் என்று சொல்லிவிட முடியுமா? பாட்டிமார் விஷயத்துக்கு வருகிறேன். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 28. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் இதற்குப் பெரிய காரணங்கள், பயிற்சி பெற்ற ஆயாக்கள் அல்ல. ஆனாலும், ‘அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாகத்தானே வளர்ந்தோம்’ என்று சொல்ல மிஞ்சியவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. அதோடு, வீட்டில் ஒரு குழந்தையைத் தூக்க நாலைந்து கைகள் இருந்தன. காப்பகத்தில் உன் இரண்டு கைக்குப் பல குழந்தைகள்.

பயிற்சி என்பது காகிதம்தானே என்பாய். பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியல்ல. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றார்கள். கையால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதல். போனவர்கள் பட்டதாரிகள் அல்ல. அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, வேலையை வந்து பார்த்துத் திருத்த மேற்பார்வையும் இருந்தது. பயிற்சியோடு மேற்பார்வையும் சேராவிட்டால் நீ சொல்வதுபோல் காகிதம்தான் மிஞ்சும்.

ஆகவே சேருமுன் அந்தப் பயிற்சி நிலையத்தில் கேள். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டு, மார்பில் ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தக் கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்களா, பொம்மையை வைத்துக் கை பழகும்வரை செய்ய விடுகிறார்களா? நடக்கிற காப்பகம் ஒன்றில் சில வாரமாவது நிற்க விடுவார்களா? உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்ட சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்தால் ஊதியம் தானாகக் கூடிவிடாது, அது அநியாயம்தான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. அந்தப் பிரிவில் குழந்தையைப் பார்ப்பவளின் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இருக்கவில்லை. உன் தொழிற்சாலை அதைக் கேட்பது நல்ல அறிகுறி. கேட்பவர்களே கட்டணத்தையும் ஏற்பார்களா, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று வேலைக்குச் சம்மதிக்கும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அத்தை