வேலை இருக்கு, வளர்ச்சி இருக்கா?



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் உள்கடன் கேட்டார். மகள் பிளஸ் டூ பாஸ், நர்சிங் சேர்க்க வேண்டுமாம். உடனே இன்னொரு அக்கா, "மூணு வருசம் யாருங்க காத்துக்கிட்டு இருக்கிறது? கீழ மில்லுல சேர்த்துவிட்டா அடுத்த மாசமே சம்பளம்" என்றார். பேச்சு வளர்ந்தது. பயிற்சிக்குப் போய் வந்த ஊக்குநர் "கேரியர்" என்று ஒரு வார்த்தை சொன்னார். "கேரியருன்னா எங்க வீட்ல சோத்துக் கேரியருதான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிற அடுக்குதானே!

நம்மையே எடுத்துக்கொள்வோம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பாட்டி அங்கே கொழுந்து எடுத்தார், அம்மா இங்கே எடுத்தார், நாமும் எடுக்கிறோம். இரண்டு இலை ஒரு கொழுந்தை விரல் தானாகவே பார்த்துக் கிள்ளும். முற்றிய இலை எது என்று கை சொல்லும். அது சாதாரணத் திறமை இல்லை. ஆனாலும் 25 வருடம் எடுத்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தினக்கூலி ஏறக்குறைய ஒன்றுதான். கிலோ கூடினால் கொஞ்சம் காசு கூடும். மேஸ்திரியாக நிற்பவர் பெரும்பாலும் ஆண். திறமை வளர்ந்தது, நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். வேலைக்கும் கேரியருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வேலையில் இன்றைய கூலி இன்றோடு தீரும். மற்றதில் இன்று செய்வது நாளைக்குப் படியாகும்.

இதற்காகக் கொழுந்து வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் படித்தது அந்தக் கூலியில்தான். அந்த வேலையிலும் சேர்ந்து நிற்கிற அடுக்கு ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒரே நிர்வாகத்தில் தொடர்ந்து 5 வருடம் செய்தால், வேலையை விடும்போது வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. கணக்குக்குச் சொல்வோம்: தினக்கூலி 400 ரூபாய், 20 வருடம் என்றால் 15 × 400 × 20 = 1,20,000 ரூபாய். பக்கத்துத் தோட்டத்தில் 10 ரூபாய் கூட என்று நிர்வாகம் மாறிப் போனால், அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பி.எப். அப்படி இல்லை, எங்கே போனாலும் ஒரே நம்பரில் தொடரலாம். 10 வருடப் பணி சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன் வரும். அதற்குள் "கைக்கு வரட்டும்" என்று பணத்தை எடுத்துவிட்டால் அந்தப் பென்ஷன் போச்சு. அப்படிப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் கதை வேறு. உரம் போடுவது, களை எடுப்பது, கொழுந்தைக் கட்டி அனுப்புவது எல்லாம் நாம். பட்டா வீட்டுக்காரர் பெயரில். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் அங்கத்தினரும் அவர்தான். "நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்லதாங்க இருக்கேன்" என்கிறோம். இதை எழுதும்போது நமக்கே சுருக்கென்றது.

மில்லுக்கு வருவோம். ஒரு காலத்தில் கல்யாணத் திட்டம் என்று சொல்லி, 3 வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று பெண் பிள்ளைகளை மலையிலிருந்தும் அழைத்துப் போனார்கள். உடம்பு முடியாமல் இடையில் வந்தவர்கள் அந்தப் பணத்துக்காக அலைந்தார்கள். 3 வருடம் முடித்து வந்த பிள்ளையிடமும் இன்னொரு இடத்தில் காட்ட ஒரு தாள் இல்லை. மில்லில் போய்க் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் மட்டும் இல்லை. "பி.எப். பிடிப்பீங்களா? வேலை கத்துக்கிட்டா அடுத்து என்ன பொறுப்பு தருவீங்க?" என்றும் கேட்க வேண்டும்.

நர்சிங் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் கூடாது. டிப்ளமோ நர்சிங் 3 வருடம். முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் ஸ்டாப் நர்ஸ், பிறகு மேல்படிப்பு, அரசு வேலை என்று வழி திறக்கும். 6 மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று போர்டு வைக்கும் இடங்களின் சான்றிதழை வைத்துப் பதிவு செய்ய முடியாது. பீஸ் மட்டும் போய்விடும்.

அந்த உறுப்பினருக்குக் கடன் கொடுக்கத் தீர்மானம் போட்டோம், ஒரு நிபந்தனையோடு. கல்லூரிக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்து, அந்தத் தாளின் நகலைக் குழுவில் காட்ட வேண்டும். முதல் தவணை அதற்குப் பிறகு. மில் பற்றிப் பேசிய அக்காவும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். "எம் பொண்ணு பத்தாவது படிக்கிறா, அவளுக்கும் இப்பவே பேசி வைங்க" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் பி.எப். நம்பரையும், இப்போதைய தோட்டத்தில் சேர்ந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்த தேதி தெரியாதவர்கள் பழைய சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.