கல்யாண கேசட்டும் கேப்சர் கார்டும்

பீரோவில் கிடக்கிற கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றணும் என்று சொந்தக்காரர்கள் என்னிடம் வருவார்கள். "எந்த கேப்சர் கார்டு வாங்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வி.சி.ஆர். யாரிடம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே நன்றாக ஓடும் பழைய மெஷினைத் தேடிப் பிடித்து, ஹெட்டைச் சுத்தம் செய்த பிறகு கார்டைப் பற்றிப் பேசலாம்.

எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள கார்டு இந்த வேலைக்கு ஆகாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் சொருக இடம் வேண்டும்; எஸ்-வீடியோவும் இருந்தால் நல்லது. பழைய பி.சி.ஐ. கார்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்த ஸ்லாட்டே கிடையாது. 64-பிட் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மாட்டுவது எளிது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டைச் சாயாமல் அழுத்தி ஸ்குரூ போட்டால் போதும்.

அடுத்து செட்டிங். நம் ஊரில் எடுத்த கேசட் என்றால் பால் (PAL) முறை, 720×576, நொடிக்கு 25 பிரேம். என்.டி.எஸ்.சி.யில் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், இல்லை உருண்டு ஓடும். அசைவுகளில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிகிறதே என்று, அவற்றை நீக்கும் டீஇன்டர்லேஸைப் பதிவிலேயே போட்டுவிடாதீர்கள். அந்தக் கோடுகளில்தான் நொடிக்கு 50 அரைப்படங்கள் இருக்கின்றன. பின்னால் பொறுமையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஹஃப்-ஒய்யுவி போன்ற இழப்பில்லாத முறையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜி.பி. பிடிக்கும். பிடிக்கட்டும். ஹார்டு டிஸ்க்கைப் பிறகும் வாங்கலாம், டேப்பை வாங்க முடியாது.

என்னைக் கேட்டால் படத்தைவிட ஒலிக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரை சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். பாட்டு போடாமல் விட்ட கொஞ்ச நேரத்தில்தான் "ஏய், இங்க வாடி, சித்தி பக்கத்துல நில்லு" என்று பாட்டியின் குரல் வரும். மறைந்துபோனவரின் குரல் வேறெங்கும் இல்லாத வீடுகள் எத்தனையோ. ஆகவே ஆடியோ ஒயரைக் கார்டிலேயே சொருகுங்கள். மதர்போர்டின் லைன்-இன்னில் சொருகினால் படமும் ஒலியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடும். போகப்போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும்.

கேசட்டைப் போடுமுன் கண்ணாடி வழியே பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டிலும் ஒட்டும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல டேப்பை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். முடிந்ததும் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். முழுக்கச் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.