படத்தில் விழாத அடி

விபத்தில் எனக்கு இரண்டு அடி. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது ஒன்று. பின்னால் இடித்த காரின் வேகத்தில் வண்டியிலிருந்து மல்லாக்க விழுந்ததில் பின்மண்டையில் பட்டது இன்னொன்று. காலைப் படம் எடுத்தார்கள், உள்ளே ராடு வைத்தார்கள். தலையையும் ஸ்கேன் எடுத்துவிட்டு, ரத்தக்கசிவு இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் காலைத்தான் விசாரித்தது. இன்றைக்கு என் பிழைப்பை அதிகம் கெடுப்பது கால் அல்ல, மூக்கு.

வத்தலக்குண்டு பக்கம் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் போட்டு ஆர்டருக்குக் கொடுப்பவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எதைச் சாப்பிட்டாலும் சப்பென்றிருந்தது. மாத்திரை வேகம் என்று நினைத்தோம். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். நான் அடுப்படியிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. மூக்கின் கூரையில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு இருக்கிறதாம். வாசனை நரம்புகள் நூல்நூலாக அதன் துளைகள் வழியே மூளைக்குப் போகின்றன. மண்டையில் அடி விழுந்து மூளை குலுங்கும்போது அந்த நூல்கள் அறுந்துபோகலாம். பின்மண்டை அடியில் இது அதிகம் நடக்குமாம். சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போய்விடலாம்.

நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. பெருங்காயமும் ஏலக்காயும் தெரியவில்லை. ருசி போதாத குறைக்கு உப்பையும் மிளகாயையும் கை தன்னால் அள்ளிப் போடும், ரத்த அழுத்தம் ஏறும். அதனால் இப்போது எல்லாமே ஸ்பூன் கணக்குதான். பாகுப் பதத்துக்குக் கண்ணும் விரலும் போதும். எண்ணெய் காறிப்போனதைக் கண்டுபிடிக்க மகள் வேண்டும். அவள் கல்லூரிக்குக் கிளம்பும் முன் எண்ணெய், மாவு, நெய் மூன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறாள். மிச்சமான குழம்புப் பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டுகிறோம். சிலிண்டர் பக்கத்தில் கசிவு அலாரம் மாட்டியிருக்கிறோம். இந்த ஏற்பாடுகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் அலாரத்தை மாட்டுங்கள். கேஸில் நாற்றம் கலப்பதே கசிவு தெரிவதற்காகத்தான், அந்த நாற்றம் நமக்கு எட்டாது.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் சற்று நேரம் முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்கு இதில் முழுப் பலன் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை; திரும்புவது பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள் திரும்பும் என்றார். எனக்குக் கிராம்பு மட்டும் லேசாக வந்தது. நடுவில் காபி, கருகிய ரப்பர் மாதிரி நாறிய ஒரு காலமும் உண்டு. நரம்பு துளிர்க்கும்போது அப்படி ஆவதுண்டாம்.

காலைப் பற்றி ஊரே ஆலோசனை சொல்லும். புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்த காலுக்கு அது ஆகாது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் ராடு செலுத்திய இடத்தில், முழங்காலின் முன்பக்கம் வலி தங்கிவிட்டது. மண்டியிட முடியாது, தரை அடுப்பில் உட்கார்ந்து சுட முடியாது. ராடை எடுத்தாலும் வலி போகும் என்று சொல்ல முடியாதாம். தொடைச் சதையைத் தேற்றும் பயிற்சிதான் நடக்க வைத்தது. அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்து வையுங்கள், பிசியோதெரபி செய்ய வீட்டுக்கே வருவார்கள்.

இழப்பீட்டு வழக்கில்தான் மூக்கு மறுபடி காணாமல் போனது. மருத்துவக் குழு காலுக்கு ஒரு சதவீதம் போட்டுக் கொடுத்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் வாசனை இழப்பு கிடையாது. வக்கீல்தான் வழி சொன்னார். 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அடிபட்டவர் என்ன தொழில் செய்தவர் என்று பார்க்க வேண்டும். இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் ஏறக்குறைய எல்லாமே போயிற்று, அரசு எழுத்தருக்கு அப்படியல்ல. பலகாரக்காரிக்கு மூக்கும் அப்படித்தானே? அதனால் என் ஆர்டர் நோட்டுகள், உணவுப் பாதுகாப்புப் பதிவு, காது மூக்கு தொண்டை டாக்டரின் பரிசோதனைச் சீட்டு எல்லாம் இப்போது வழக்குக் கட்டில் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதால், வலி ஆறட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, டிஸ்சார்ஜ் சீட்டில் வாசனை இழப்பு ஏன் இல்லை என்பதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால், நினைவு தெளிந்ததும் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் தனித்தனியாகக் காபித்தூளைக் காட்டுங்கள். தெரியவில்லை என்றால் வார்டு டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.