உங்கள் ஊரில் எத்தனை குடும்பம், எத்தனை பேர்? எக்செலில் கணக்குப் பார்ப்போம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செலைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கடை வைத்திருப்பவர்களுக்கு, ஆபீஸ் போகிறவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுபவர்கள் பலர். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதிப் பழகலாம் என்று பலரும் சொல்வார்கள். ஒரு வாரத்தில் அது சலித்துவிடும். இந்த மாதம் வேறு ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். நம் ஊரில் யார் யார் வசிக்கிறார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அது. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே பாடத்தைச் செய்யலாம்.

பழகுவதற்கு அரியலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கு ஆண்கள் 3,74,703 பேர், பெண்கள் 3,80,191 பேர். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆண் 43,577, பெண் 39,107. நமக்குத் தேவை இந்த நான்கு எண்கள் மட்டும்தான்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் ஏ1 கட்டத்தில் விவரம், பி1இல் ஆண், சி1இல் பெண், டி1இல் மொத்தம், இ1இல் விகிதம் என்று தலைப்பு கொடுங்கள். இரண்டாவது வரிசையில் "எல்லா வயதினரும்" என்று எழுதி முதல் இரண்டு எண்களையும், மூன்றாவது வரிசையில் "6 வயது வரை" என்று எழுதி அடுத்த இரண்டையும் டைப் செய்யுங்கள். எண்களை டைப் செய்யும்போது நடுவில் காற்புள்ளி வேண்டாம். கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதிலாக வரிசையாக ஹேஷ் குறிகள் தெரிந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. கட்டம் அகலம் போதவில்லை, அவ்வளவுதான். மேலே பத்தித் தலைப்பின் வலது ஓரத்தில் மவுஸை வைத்து இரட்டை கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

இனி சூத்திரம். எந்தச் சூத்திரமும் சமக்குறியில் தொடங்க வேண்டும். கட்டங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறோம். டி2 கட்டத்தில் =பி2+சி2 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 754894 வரும். இ2 கட்டத்தில் =சி2/பி2*1000 என்று கொடுங்கள். 1014.65 என்று வரும். அதாவது 1000 ஆண்களுக்குச் சுமார் 1015 பெண்கள். இதைத்தான் பாலின விகிதம் என்கிறார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் இது 996. அரியலூர் மாநில சராசரியைத் தாண்டி நிற்கிறது. செய்தித்தாளில் இந்த ஒரு எண் மட்டும் வந்திருந்தால் "பரவாயில்லையே" என்று பாராட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

நாம் போக வேண்டாம். டி2, இ2 கட்டங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து ஒரு வரிசை கீழே இழுங்கள். சூத்திரம் தானாகவே மூன்றாம் வரிசைக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். இ3 கட்டத்தில் வரும் விடை 897.42.

மாவட்டம் அதே, ஆண்டும் அதே. பெரியவர்களைச் சேர்த்துப் பார்த்தால் 1015. குழந்தைகளை மட்டும் பார்த்தால் 897. இன்னும் ஒரு படி போகலாம். ஏ4 கட்டத்தில் "7 வயதும் அதற்கு மேலும்" என்று எழுதி, பி4 கட்டத்தில் =பி2-பி3 என்று கொடுத்து, அதை சி4 வரை வலப்பக்கம் இழுங்கள். பிறகு மூன்றாம் வரிசையின் டி, இ கட்டங்களை நான்காம் வரிசைக்கு இழுங்கள். பெரியவர்களின் விகிதம் 1030 என்று வரும். மொத்தக் கணக்கில் குழந்தைகளின் பங்கு 11 சதவீதம்தான் என்பதால், அங்கே இருக்கும் பள்ளம் பெரியவர்களின் மேட்டில் மறைந்துபோனது.

பெரியவர்களில் பெண்கள் அதிகமாக இருப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விடுகிறார்கள். குழந்தைகள் விஷயத்தில் இரண்டும் பொருந்தாது. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள். தமிழ்நாட்டின் குழந்தைப் பாலின விகிதம் 943. இது அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரியலூரின் 897 அப்படி இல்லை. காலியாக உள்ள ஒரு கட்டத்தில் =பி3*0.95-சி3 என்று போட்டுப் பாருங்கள். 2291 என்று வரும். இருந்திருக்க வேண்டிய சுமார் 2,300 சிறுமிகள் அந்த மாவட்டத்தின் கணக்கில் இல்லை.

இதில் எத்தனை பேர் கருவிலேயே கலைக்கப்பட்டவர்கள், எத்தனை பேர் பிறந்தபின் சரியான கவனிப்பில்லாமல் இறந்தவர்கள் என்பதை எக்செல் சொல்லாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். அரியலூரைக் குற்றவாளியாக்குவதும் நம் நோக்கமல்ல. அதே கணக்கெடுப்பில் கடலூரின் எண் 896.

இதே முறையை உங்கள் கிராமத்துக்குப் போட்டுப் பார்க்க ஆசை வரும். போடலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு சிற்றூரில் 40 குழந்தைகள், அதில் 22 ஆண், 18 பெண் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 818 என்று பயமுறுத்தும். இரண்டு பேர் மட்டும் மாறிப் பிறந்திருந்தால் 20க்கு 20, விகிதம் 1000. சின்ன எண்களில் விகிதம் இப்படித்தான் துள்ளும். பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்துக் கூட்டி, சில ஆயிரம் குழந்தைகளாவது வந்த பிறகு பேசுவதே நியாயம்.

அடுத்தது குடும்பக் கணக்கு. கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் உறவு முறை அல்ல; சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பு வைத்தால் இரண்டு குடும்பம். 2011இல் தமிழ்நாட்டில் சுமார் 1 கோடியே 85 லட்சம் குடும்பங்கள் இருந்தன. மக்கள்தொகை 7,21,47,030. வகுத்துப் பாருங்கள்: குடும்பத்துக்கு 3.9 பேர்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. விடுதி, சிறைச்சாலை, அனாதை இல்லம் ஆகியவற்றில் பொதுச் சமையலில் சாப்பிடுபவர்களையும் "நிறுவனக் குடும்பம்" என்று ஒரே குடும்பமாக எண்ணுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு வார்டில் 1000 குடும்பம், 3600 பேர். சராசரி 3.6. அந்த ஆயிரத்தில் ஒன்று 400 மாணவிகள் தங்கும் கல்லூரி விடுதி என்றால்? 400 பேரைக் கழித்து 999ஆல் வகுத்தால் 3.2தான் வரும். அந்த வார்டில் உண்மையில் இருப்பது சின்னச் சின்னக் குடும்பங்கள். தனியாக வசிக்கும் முதியவர்களும் இருக்கலாம். பெண்கள் எண்ணிக்கையும் விடுதியால் ஊதிப்போயிருக்கும். உங்கள் பகுதியில் விடுதி இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எழுத்தறிவு பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 5,18,37,507. இதை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 71.85 சதவீதம். அரசு சொல்வது 80.09. யாரும் பொய் சொல்லவில்லை. ஆறு வயது வரையுள்ள 74,23,832 குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும் என்பது விதி. கழித்துப் பாருங்கள், 80.09 வந்துவிடும்.

சரி, உங்கள் ஊர் எண்கள் எங்கே? சென்சஸ் இந்தியா டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் "பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்" என்ற பெயரில் கிராமம், வார்டு வரை எக்செல் ஃபைலாகவே கிடைக்கும். 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். எனவே தென்காசிக்காரர்கள் திருநெல்வேலியிலும், மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் தேட வேண்டும். ஃபைலைத் திறந்தவுடன் ஒரு பத்தியை முழுவதுமாகக் கூட்டிவிடாதீர்கள். மாவட்டத்துக்கு ஒரு வரி, வட்டத்துக்கு ஒரு வரி, கிராமத்துக்கு ஒரு வரி. அதிலும் மொத்தம், ஊரகம், நகரம் என்று தனித்தனி வரிகள். அப்படியே கூட்டினால் ஒரே ஆளைப் பல முறை எண்ணியதாகிவிடும். டேட்டா மெனுவில் ஃபில்டர் போட்டு, கிராமம் அல்லது வார்டு நிலை வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் பழையவை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு என்று மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்தது. எனவே ஷீட்டை "2011" என்று பெயரிட்டு சேவ் செய்து, கீழே உள்ள தாளின் பெயர் மீது வலது கிளிக் செய்து ஒரு நகல் எடுத்து, அதற்கு "2027" என்று பெயர் கொடுங்கள். அதில் பி2, சி2, பி3, சி3 ஆகிய நான்கு கட்டங்களை மட்டும் அழித்துவிடுங்கள். சூத்திரங்களைத் தொட வேண்டாம். அவை காத்திருக்கட்டும். வகுக்க எண் இல்லாததால் விகிதக் கட்டங்களில் பிழைச் செய்தி தெரியும். புதிய எண்களைப் போட்டவுடன் அது மறைந்துவிடும்.